சிரிப்பாணி வராத காதல்

மக்களே, ரொமான்டிக் காமெடின்னு போஸ்டர்ல போட்டுட்டு, ரெண்டரை மணி நேரம் ஒருக்கா கூட சிரிக்க வைக்காம வீட்டுக்கு அனுப்புற படங்களப் பத்தி ரொம்ப நாளா ஒரு புலம்பல் பாக்கி இருக்கு. அந்த ஜோடிக்கு நடுவுல காதலும் தெரியாது, நமக்கு சிரிப்பாணியும் வராது. ஹீரோயினைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டாலும் ஹீரோ கண்டுபிடிக்க மாட்டாருங்கிற மாதிரி இருக்கும்.

கேட்டா "கெமிஸ்ட்ரி ஒர்க்அவுட் ஆகல" என்பார்கள். ஏதோ ராகு கேது சரியில்லாத மாதிரி! என் கட்சி வேற. காதலை ஒரு டிபார்ட்மெண்டுக்கும் சிரிப்பை இன்னொரு டிபார்ட்மெண்டுக்கும் பிரிச்சுக் கொடுத்ததுதான் வினையே.

இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. 1930, 40களிலேயே நாயகனும் நாயகியும் ஒருபக்கம் உருகி உருகிப் பாடிக்கிட்டு இருப்பாங்க. காமெடி தனி டிராக். பல படங்கள்ல அந்த டிராக்கைத் தானே எழுதித் தந்தவரு நம்ம ஊரு ஒழுகினசேரிக்காரர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். கூட டி.ஏ.மதுரம். வேடிக்கை என்னன்னா, உண்மையான ரொமான்டிக் காமெடி அந்த டிராக்குக்குள்ளதான் நடந்துட்டு இருந்துச்சு. (ஊர்ப்பாசம்னு நினைச்சாலும் சரி, எனக்கு ஒண்ணுமில்ல :-) )

அவங்க ரெண்டு பேரும் பேசுறதைக் கவனிச்சுப் பாருங்க. கலைவாணர் ஏதாவது பெரிய நியாயம் பேச ஆரம்பிப்பாரு. அந்தம்மா ஒரு பார்வை பார்க்கும். குறுக்கே ஒரு கேள்வி போடும். மனுசன் அங்கேயே வழிஞ்சு நிப்பாரு. புத்தி சொல்ற ஆளையே ஒருத்தி மடக்கிட்டு இருக்கிறதால அந்தப் புத்திமதி நமக்குக் கசக்காது. தானே எழுதின வசனத்துல தானே தோக்கிறதுக்கு இடம் வச்சிருக்காரு பாருங்க, காதல்னா எனக்கு அதுதான். 1941இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்துல இந்த ஜோடியே நாயகன், நாயகி. அதாவது டிராக்கே படமாயிட்டு!

"அவங்க நிஜத்துலயே புருசன் பொண்டாட்டி, கெமிஸ்ட்ரி வராம இருக்குமா"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். ஏன்வே, எத்தனை நிஜத் தம்பதிகளை டிவி ஷோவுல பாக்கோம், வருதா?

ஸ்ரீதரோட 'காதலிக்க நேரமில்லை' (1964) எல்லாரும் சொல்ற உதாரணம்தான், ஆனா சொல்லாம முடியாது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்ற சீனைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. எனக்குப் பிடிச்சது வேற. முத்துராமன் கிழவன் வேசம் போட்டு, நண்பனுக்குக் கோடீஸ்வர அப்பாவா வந்து நிக்கிற வீடு, அவரோட காதலி காஞ்சனா வீடுதான். அந்தப் பொய் ஒரு காதலுக்காகச் சொன்னது. அதனால இன்னொரு காதலுக்கு நெருக்கடி. சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் சிரிப்பைக் காதலுக்குள்ளேயே பொதிஞ்சு வச்சுட்டாங்க. ரெண்டையும் பிரிக்க முடியாது.

2025 பொங்கலுக்கு அதே தலைப்புல கிருத்திகா உதயநிதி ஒரு படம் எடுத்தாங்க. ரவி மோகன், நித்யா மேனன், ரஹ்மான் இசை. பிள்ளையே வேண்டாம்னு ஒருத்தன், ஆம்பளத் துணை இல்லாமலே பிள்ளை பெத்துக்கிட்ட ஒருத்தி. கதைக்கரு கொள்ளாம்! சிரிப்பு தானா வரணும். ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையா, கண்ணாடிப் பாத்திரம் சுமக்கிற மாதிரியே பேசிக்கிறாங்க. சீண்டல் இல்ல. யாரும் தோக்கல. நான் கொட்டாவி விட்டேன்.

இதே நித்யா மேனன்தானே 'திருச்சிற்றம்பலம்' (2022) படத்துல தனுஷை "பழம்"னு கூப்பிட்டுக் கூப்பிட்டே வாரித் தள்ளினது? தேசிய விருதும் வாங்கித் தந்த வேசம். அங்க காமெடிக்குன்னு தனி ஆளைத் தேட வேண்டிய அவசியமே இல்ல. அவ கிண்டலுக்கு அவன் முழிக்கிற முழியிலேயே, இவங்க சேரணுமேன்னு நமக்கு அடிச்சுக்கிடும். ஆளு ஒண்ணுதான், எழுத்து வேற. ராகு கேதுவை விட்டுருங்க.

இப்போ தனி காமெடி டிராக் கொஞ்சம் கொஞ்சமா ஒழிஞ்சிட்டு வருது. நல்லதுதான். ஆனா அந்த வேலையைக் காதலர்கள் கையில கொடுக்க மறந்துட்டாங்க. காமெடியன் சம்பளம் மட்டும் மிச்சம்.

சரி மக்கா, உங்களுக்கு ஒரு கணக்கு. கவுண்டமணியோ வடிவேலுவோ சந்தானமோ துணைக்கு வராம, தாங்களே சிரிக்க வச்ச சினிமா ஜோடிகள் அஞ்சு பேர் சொல்லுங்க பாப்போம். நான் யோசிச்சதுல மூணுக்கு மேல நகரல.