எந்த வாக்குறுதிக்கு விலை இருக்கு?

தேர்தல் வந்தா நம்ம மாணவத் தோழர்கள் ஒரு கணக்குப் போட ஆரம்பிச்சிடறாங்க. சாதி ஒழிப்பில் ஒப்புதல், இடஒதுக்கீட்டில் ஒப்புதல், மதவெறி எதிர்ப்பில் ஒப்புதல், கூட்டணியில் மட்டும் முரண்பாடு. ஆக, வேட்பாளர் பாஸ். பரீட்சைத் தாள் திருத்துற வேலையா இது? என் கேள்வி ஒண்ணுதான்: இதில் எதைச் சொன்னதால் அவருக்கு ஓட்டுக் குறையும்? குறையாததைத் தராசில் வைக்காதீர்கள்.

செங்கல்பட்டில் விலையுள்ள கொள்கை எதுவென்று தேடவே வேண்டாம். இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892-ன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பத்தாண்டு விற்கக் கூடாது. அப்புறமும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கலாம். மீறி வாங்கினால் செல்லாது. ஆணை இவ்வளவு தெளிவு. நிலமோ கைமாறிப் போச்சு. மாமல்லபுரம் பக்கம் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்துக்குக் கிடைத்த பதில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் பலியானார்கள். அன்றைக்கு அ.தி.மு.க. ஆட்சி. சரி, அடுத்தவர்கள்? 2006-ல் தி.மு.க. நிலமற்றோருக்கு இரண்டு ஏக்கர் என்றது. நான் எதிர்க்கவில்லை. ஆனா அது அரசுத் தரிசு. எந்த நிலவுடைமைக்காரனுக்கும் ஒரு சென்ட் நஷ்டமில்லை. அதனாலதான் மேடையில் அத்தனை சுலபமா சொல்ல முடிஞ்சது. பறிச்சதைத் திருப்பிக் குடுன்னு கேட்கிறவனுக்குத் தரிசைக் காட்டுறது என்ன நியாயம்?

திருப்போரூருக்கு வருவோம். 1999 வரை தேர்தலையே புறக்கணித்த விடுதலைச் சிறுத்தைகள், 2021-ல் இங்கே பொதுத் தொகுதியில், பானைச் சின்னத்தில் நின்று ஜெயித்தார்கள். வேட்பாளர் எஸ்.எஸ். பாலாஜி. சேரிக்காரன் தனித்தொகுதிக்குள்ளேயே கிடக்கணும்கிற திமிருக்கு விழுந்த அடி அது. எனக்கு முழு ஒப்புதல். ஆனால் வித்தியாசம் இரண்டாயிரம் ஓட்டுகூட இல்லை. ஊர்த்தெரு கொஞ்சம் முகம் சுளிச்சாலும் போச்சு. பஞ்சமி நிலத்தை வளைச்சு வச்சிருக்கிறவனுக்கும் அங்கேதான் ஓட்டு. யார் நின்றாலும் இந்தக் கயிறு கழுத்தில் உண்டு. இதே செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1930-ல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசைக்குப் போய்த் தனி வாக்காளர் தொகுதி கேட்டது வேறெதற்கு? 1932-ல் பூனா ஒப்பந்தம் அதையும் பிடுங்கிக்கொண்டது.

அதற்காகப் புறக்கணிப்புக்காரர்களோடு நான் இல்லை. ஓட்டுக் கேட்டு வர்றவர் எந்தக் கட்சியா இருந்தாலும், சேரியில் பேசினதை விடுங்க. ஊர்த்தெரு மேடையில் நிற்கும்போது காரணை நிலத்தைப் பற்றிக் கேளுங்க. மைக் அவர் கையில் இருக்கும்போதே கேளுங்க.