காலியாகக் கிடந்த ஒரு நாற்காலி!

2021, மே 14. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள ரோட்டுண்டா மகப்பேறு மருத்துவமனையில் இருந்து காலையிலேயே அறிவிப்பு வந்தது. 36 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளும் அவசர சிகிச்சை தேவைப்படுபவர்களும் மட்டும் வந்தால் போதும், மற்ற அப்பாயின்ட்மென்ட்கள் ரத்து. டாக்டர்கள் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஒரு மருத்துவமனை மட்டுமல்ல, நாட்டின் மொத்த அரசு மருத்துவ நெட்வொர்க்கும் ஆஃப். 'கான்டி' என்ற கும்பல், ஃபைல்களைப் பூட்டிவிட்டு சாவிக்குப் பணம் கேட்கும் ரான்சம்வேரை ஏவியிருந்தது. பின்னால் வந்த விசாரணை அறிக்கையைப் படித்தால் தலை சுற்றும். மார்ச் 18-ம் தேதி ஓர் ஊழியர் மெயிலில் வந்த எக்ஸெல் ஃபைலைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த எட்டு வாரம் திருடன் வீட்டுக்குள்ளேயே உலாவியிருக்கிறான். 70,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள், கருவிகள் இருந்த அந்த அமைப்பில், சைபர் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள இருந்தவர்கள் சுமார் 15 பேர்!

சரி, நாட்டுக்கே பொதுவான தேசிய சைபர் பாதுகாப்பு மையம் என்ன செய்துகொண்டிருந்தது? அங்கே மொத்தமே 25 பேர். தலைவர் நாற்காலி ஓராண்டாகக் காலி. அந்தப் பதவிக்கு விளம்பரம் செய்யப்பட்ட ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 89,000 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய். நமக்குப் பெரிய தொகைதான். ஆனால் கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்களின் ஐரோப்பியத் தலைமையகங்கள் இருக்கும் ஊர் டப்ளின். அங்கே சைபர் வேலை தெரிந்தவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல வேண்டுமா?

அவசரத்துக்கு ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். அதன் தகவல் தொடர்புப் பிரிவினர் வந்து, பூட்டப்பட்ட கருவிகளைத் திறக்க உதவினார்கள். அந்த ராணுவத்தின் கதையோ இன்னும் சோகம். 9,500 பேர் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 8,500 பேர்தான். 2019-லேயே ஓட்ட ஆள் இல்லாமல் இரண்டு கடற்படைக் கப்பல்களைக் கட்டிப்போட்டார்கள். நெட்வொர்க் வேலையில் பயிற்சி பெற்ற சிப்பாயைத் தனியார் கம்பெனி கொத்திக்கொண்டு போகும். பயிற்சிக்குச் செலவு செய்தது அரசு, பலன் கம்பெனிக்கு. கூகுள் தரும் சம்பளத்தை எந்த ராணுவமும் தர முடியாதுதான். அதற்காக, வெளியே கிடைப்பதில் பாதிகூட இல்லை என்ற நிலையில் வைத்துவிட்டு தேசபக்தியை மட்டும் எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சீருடையில் இருப்பவர்கள் ஸ்டிரைக் செய்யவும் முடியாது. அதனால் அந்த நாட்டில் சம்பளப் போராட்டத்தை வீட்டில் இருப்பவர்கள் கையில் எடுத்த வரலாறு உண்டு. 1989 பொதுத் தேர்தலில் ராணுவ வீரர்களின் மனைவிகளே வேட்பாளர்களாக நின்றார்கள்! அதற்குப் பிறகுதான் சம்பளத்தை ஆராயத் தனி ஆணையம் வந்தது, வீரர்கள் சங்கம் வைத்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது.

ரான்சம்வேர் விஷயத்துக்கு வருவோம். அரசு பணம் தர மறுத்துவிட்டது. ஆச்சரியம், ஆறு நாளில் கும்பலே இலவசமாகச் சாவியைக் கொடுத்தது. சாவி கையில் இருந்தும் எல்லா சர்வர்களையும் மீட்க செப்டம்பர் ஆகிவிட்டது. செலவு 10 கோடி யூரோவைத் தொட்டது. ஒரு தலைவருக்குக் கூடுதலாக ஒரு லட்சம் யூரோ கொடுக்க யோசித்த அரசு இது.

அடி விழுந்த இரண்டே மாதத்தில் அதே பதவிக்குச் சம்பளம் 1,84,000 யூரோ ஆனது. 25 பேரை ஐந்தாண்டில் 70 ஆக்குவோம் என்றார்கள். 2022 ஜனவரியில் தலைவர் நியமிக்கப்பட்டார்.

ராணுவத்துக்கு? 2022 பிப்ரவரியில் அரசு அமைத்த ஆணையம், தனி சைபர் படைப்பிரிவு வேண்டும் என்றது. படையை 11,500 பேராக உயர்த்த ஜூலையில் அரசும் ஒப்புக்கொண்டது. 2023-ல் எண்ணிப் பார்த்தால், 8,000 பேர்கூட இல்லை.