தொழிற்சங்கத் தேர்தலில் யார் வாக்காளர்?

தொழிற்சங்க நிர்வாகிகள் தேர்தல் நீதிமன்றப் படியேறும்போது, வழக்கின் மையத்தில் பெரும்பாலும் இருப்பது உறுப்பினர் பட்டியல்தான். சந்தா பாக்கி என்று சொல்லி யாருடைய பெயர் நீக்கப்பட்டது, தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்னர் யார் யார் அவசரமாகச் சேர்க்கப்பட்டனர் என்பவற்றைச் சுற்றியே வாதங்கள் நடக்கும். இந்த வழக்குகளில் மனுதாரராகவோ எதிர்மனுதாரராகவோ ஒருபோதும் இடம்பெறாத ஒரு கூட்டம் உண்டு. அந்தப் பட்டியலுக்குள் நுழையவே விடப்படாத ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள். தூய்மைப் பணியைப் பொறுத்தவரை, அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பை இந்தக் கோணத்திலிருந்து வாசிப்பது அவசியம். வேலைநிறுத்த உரிமையைச் சுருக்குவதற்காக அது கண்டிக்கப்படுகிறது, அக்கண்டனம் நியாயமானதே. ஆனால் சங்கத்தின் உள்ளே யாருக்கு வாக்கு என்பதில் அது செய்துள்ள மாற்றம் போதிய கவனம் பெறவில்லை.

1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் உட்கட்சித் தகராறுகளைத் தீர்க்க நீதிமன்ற அமைப்பு எதுவும் இல்லை. இரண்டு அணிகள் தாமே வென்றதாகப் பட்டியல் கொடுத்தால், அதை விசாரித்துத் தீர்ப்பளிக்கப் பதிவாளருக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றங்கள் கூறிவந்தன. எஞ்சிய வழி உரிமையியல் வழக்கு. இடைக்காலத் தடை, மேல்முறையீடு, ஓய்வுபெற்ற நீதிபதியின் மேற்பார்வையில் மறுதேர்தல் என வழக்கு நீளும். தீர்ப்பு வருவதற்குள் அந்த நிர்வாகக் குழுவின் பதவிக்காலமே முடிந்துவிடுவதும் உண்டு. வழக்குச் செலவைத் தாங்கக்கூடிய அணிக்கே இவ்வழி பயன்பட்டது.

மகாராட்டிரம் தன் மாநிலத் திருத்தத்தின் மூலம் ஒரு வாசலைத் திறந்தது. குறைந்தது ஆறு மாதம் உறுப்பினராக இருந்தவர், பதிவாளரின் ஒப்புதலோடு தொழில் நீதிமன்றத்தை அணுகலாம். போரோசில் கண்ணாடித் தொழிற்சாலை ஊழியர் சங்கம் தொடர்பான வழக்கில், அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பது வெளிப்பட்டது. உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தும் சங்கத்தால் சேர்க்கப்படாத தொழிலாளர்கள் அவ்வழியைப் பயன்படுத்த முடியாது என்று கால் நூற்றாண்டுக்கு முன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறுப்பினருக்கே வழக்கு உரிமை. உறுப்பினராக்க மறுக்கப்பட்டவர் உறுப்பினர் அல்லர். சட்டத்தின் சொற்களின்படி தருக்கம் சரியாகவே இருக்கிறது. சேரியில் பிறந்தவருக்கு இந்தத் தருக்கம் புதியதும் அல்ல.

புதிய தொகுப்பின் 22ஆவது பிரிவு இதை மாற்றுகிறது. நிர்வாகிகள் தேர்தல் குறித்த தகராறுகளோடு, உறுப்பினராகச் சேர்க்க மறுக்கப்பட்ட தொழிலாளருக்கும் சங்கத்துக்கும் இடையிலான தகராறும் தொழில் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வருகிறது. மற்ற விடயங்களில் தொழிலாளருக்குப் பாதகமான ஒரு சட்டத்தில் இப்படியொரு வரி இருப்பது வியப்புக்குரியது; அதைப் பயன்படுத்தாமல் விடுவது தவறு.

ஏனெனில், ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் உண்மையாக ஈடுபட்டிருப்பவரே சாதாரண உறுப்பினர் என்றுதான் 1926ஆம் ஆண்டுச் சட்டமும் கூறியது. நிரந்தர ஊழியருக்கு மட்டும் என வேலியடைப்பவை சங்கங்களின் சொந்த விதிகளே. 1928இல் மும்பைப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது, கூலி கூடுதலாகக் கிடைக்கும் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லாததை அம்பேத்கர் சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். ஆலை முதலாளியைப் போலவே சங்கத்தையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார். இன்றைய சங்க விதிகள் சாதியின் பெயரை எழுதுவதில்லை. ‘நிரந்தரம்’ என்ற சொல்லே அந்த வேலையைச் செய்து முடிக்கிறது.

ஆனால் 22ஆவது பிரிவு திறக்கும் கதவை 14ஆவது பிரிவு பாதி மூடுகிறது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும். அப்படி எதுவும் இல்லையெனில், குறைந்தது 20 விழுக்காடு ஆதரவுள்ள சங்கங்கள் பேச்சுவார்த்தைக் குழுவில் இடம்பெறும். யாருடைய பதிவேடு என்பதே சிக்கல். ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் உள்ளவர் முதன்மை நிறுவனத்தின் கணக்கில் வராவிட்டால், ஒரு மாநகரத்தின் குப்பையை அள்ளுவோர் அனைவரும் ஒரே சங்கத்தில் திரண்டாலும் மாநகராட்சியின் கணக்கில் அவர்களின் ஆதரவு சுழியம். ஒப்பந்ததாரர் மாறும்போது அங்கே பெற்ற அங்கீகாரத்தின் கதி என்ன என்பதும் தெளிவில்லை. வாக்காளர் பட்டியலை இங்கே உண்மையில் எழுதுபவர் முதலாளியே.

இரயில்வேயில் இதை ஏற்கெனவே காண்கிறோம். 2024 டிசம்பரில் சங்க அங்கீகாரத்துக்கான இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. பெட்டிகளையும் நிலையங்களையும் துப்புரவு செய்யும் ஒப்பந்தப் பணியாளருக்கு அதில் வாக்கில்லை. சென்னையில் 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்திருந்ததும், தங்களை மாநகராட்சியின் பதிவேட்டிலிருந்து தனியார் நிறுவனத்தின் பதிவேட்டுக்குத் தள்ளுவதை எதிர்த்தே. கூலிக் குறைப்பு அவர்களின் உடனடி அச்சம். யாரோடு பேரம் பேசுவது என்ற கேள்வியும் அதே இடமாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

தொழிற்சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை 1943இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர், அன்று தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அம்பேத்கர். அந்த நோக்கத்தோடு 1947இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து நாடு முழுமைக்குமான அங்கீகாரச் சட்டம் வந்திருக்கிறது, எண்ணப்படாதோரை வெளியே நிறுத்தியபடி.

எனவே சட்டப்பணியில் ஈடுபடும் தோழர்களும் மாணவர்களும் இப்போதே தொடங்க வேண்டிய வேலை ஒன்றுண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் உறுப்பினர் விண்ணப்பத்தை எழுத்து மூலம், ஒப்புகைச் சீட்டோடு கொடுக்க வேண்டும். மறுப்பையும் எழுத்தில் கேட்க வேண்டும். சங்கம் மௌனம் காத்தால் அந்த மௌனத்துக்கும் தேதியிட்ட சான்று வேண்டும். சங்கத்தின் பதிவு அலுவலகம் அமைந்துள்ள பகுதிக்குரிய தீர்ப்பாயத்தில் மனு செய்யும் நாளில், முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்களாகவே இருக்கும்.