பேர் தெரியாதவங்ககிட்ட பேசுங்க பாஸ்!

என்.எஸ்.எஸ். கேம்ப்போட முதல் சாயங்காலத்தைப் பார்த்திருக்கீங்களா? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐம்பது பேர் வந்து இறங்குவாங்க. பத்தே நிமிஷத்தில் காமர்ஸ் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு பக்கம், ஹாஸ்டல் கோஷ்டி தண்ணித்தொட்டி பக்கம்னு தனித்தனித் தீவாகிடும். எந்தத் தீவிலும் சேராத ஒரு ஜீவன் செல்போனை நோண்டிக்கிட்டு நிற்கும். அடுத்த ஏழு நாளும் இவங்கதான் சேர்ந்து மண் வெட்டணும், ஒரே அண்டாவில் சாம்பார் வைக்கணும்!

உடனே யாராவது மைக்கைப் பிடிச்சு, 'ஒவ்வொருத்தரா வந்து பேர், ஊர், டிபார்ட்மென்ட் சொல்லுங்க' என்பார். வேஸ்ட்! தன் முறை நெருங்க நெருங்க, 'நாம என்ன சொல்றது?' என்ற ஒத்திகைதான் மனசுக்குள் ஓடும். பக்கத்தில் இருப்பவர் சொன்னது காதிலேயே ஏறாது. 1973-ல் மால்கம் ப்ரென்னர் என்ற உளவியல் ஆய்வாளர் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார். நமக்கு முன்னால் பேசியவர் சொன்னதுதான் நமக்கு ரொம்பக் குறைவாக ஞாபகம் இருக்குமாம்.

அதுக்குப் பதிலா 'ஆளைத் தேடு' ஆட்டத்தை முயற்சி பண்ணுங்க. செலவு, ஆளுக்கு ஒரு பேப்பர். அதில் நாலுக்கு நாலு, மொத்தம் 16 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயம். சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர், கிணற்றில் நீச்சல் கற்றவர், இரண்டு பஸ் மாறி காலேஜுக்கு வருபவர், பத்து பேருக்கு ரசம் வைக்கத் தெரிந்தவர், உங்கள் பிறந்த மாதத்திலேயே பிறந்தவர்... இப்படி. பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்து, பேரைக் கேட்டு எழுதணும். ஒரு பேர் ஒரு தடவைதான். பதினைந்து நிமிஷம் டைம். அவ்வளவுதான்!

இதில் யாரும் மேடை ஏற வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் யார் திக்கினாலும், இங்கிலீஷ் தடுமாறினாலும் யாரும் கவனிக்கப் போறதில்லை. முக்கியமா, கிராமத்திலிருந்து வந்த கூச்ச சுபாவக்காரரைத் தேடி ஆள் வரும். 'கிணத்து நீச்சலா? நீங்கதான் வேணும்!' என்று நாலு பேர் ஓடி வந்தால், அந்த முகத்தைப் பாருங்க.

ஆனா கட்டங்களை எழுதும்போது உஷார். 'எந்தத் தெரு?', 'குலசாமி எது?', 'அப்பா என்ன வேலை?', 'எவ்வளவு மார்க்?' இதெல்லாம் கூடவே கூடாது. கேட்கிறவருக்குச் சாதாரணக் கேள்வி. பதில் சொல்கிறவருக்கு, சாதியையோ வீட்டுக் கஷ்டத்தையோ ஐம்பது பேர் முன்னால் திறந்து காட்டுகிற வேலை. காதல் கேள்விகளுக்கும் அதே தடா. 'என்ன இருக்கு?' என்பதை விட்டுட்டு 'என்ன தெரியும்?' என்று கேளுங்க.

அடுத்தது பேர்ச் சங்கிலி. பத்துப் பத்து பேராக வட்டம் போடுங்க. தன் பேரின் முதல் எழுத்தில் ஒரு தீனியைச் சேர்த்துச் சொல்லணும். 'முறுக்கு முருகன்', 'கமர்கட் கவிதா'. அடுத்தவர் முன்னால் வந்த எல்லாப் பேரையும் சொல்லிவிட்டுத் தன் பேரைச் சேர்க்கணும். மறந்தால் வட்டமே எடுத்துக் கொடுக்கலாம், அவுட் கிடையாது. அடைமொழியை மட்டும் அவரவரே வைத்துக்கொள்ளட்டும். அடுத்தவர் வைத்தால் அது பட்டப்பேராகி கான்வகேஷன் வரைக்கும் துரத்தும்!

'சீனியர்ஸ் சும்மா ஜாலிக்கு ஜூனியரை ஆடச் சொன்னால் அதுவும் ஐஸ்பிரேக்கர்தானே?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங் தொடர்பாகக் கொல்லப்பட்டார். அதையடுத்து 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்யவைத்து ஒருவரைக் கூனிக்குறுக வைப்பதும் ராகிங்தான் என்கிறது 2009-ல் வந்த யு.ஜி.சி. விதி. அடிச்சால்தான் ராகிங் என்பதெல்லாம் இல்லை.

வித்தியாசம் கண்டுபிடிக்க மூணே கேள்வி போதும். நடத்துகிறவரும் சேர்ந்து ஆடுகிறாரா? 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்காமல் விடுகிறார்களா? ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சிரிக்கிறார்களா, இல்லை ஒருத்தரைப் பார்த்து மத்தவங்க சிரிக்கிறார்களா? ஒண்ணுக்குப் பதில் தப்பா வந்தாலும் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திடுங்க.

இன்னொரு விஷயம். ஆட்டம் முடிந்ததும் பேப்பரைக் கசக்கிப் போடாதீங்க. யாருக்குச் சமைக்கத் தெரியும், யார் பஞ்சர் ஒட்டுவார்னு ஏழு நாளுக்கான லிஸ்ட் அதிலேயே ரெடி. மறுநாள் காலையில் அதை வைத்தே டீம் பிரிங்க, டிபார்ட்மென்ட் வாரியாக வேண்டாம். ஆட்டத்தில் கேட்ட பேர் வேலையில்தான் மனசில் பதியும். ரசம் கொதிக்கிறப்போ 'ஏய், நீ'க்குப் பதிலா 'கவிதா, உப்பு எங்கே?'ன்னு ஒரு குரல் வந்தால் நீங்க பாஸ், பாஸ்!