மழுங்கிய கத்தி

கத்திக்குக் கூர் வைக்க வேண்டுமென்று நம் இல்லாள் மும்முறை கூறினார். நாம் செவியிற் கொள்ளவில்லை. சென்ற வாரம் தக்காளி அரிகையில் அக்கத்தி வழுக்கி அவர் விரலை வெட்டிவிட்டது. கூர் மழுங்கினால் அழுத்தி அரிய நேர்கிறது. அழுத்தம் மிகுந்தால் கத்தி வழுக்குகிறது.

தெமட்டகொடையில் நம் அயலில் வசிப்பவர், புகையிரத எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். "சாணைச் சக்கரத்திலே தீப்பொறி பறக்கப் பிடித்தால் உருக்குச் சூடேறிப் பதம் கெட்டுவிடும், மாஸ்டர், கையால் தீட்டும் கல்லே போதும்" என்றார்.

ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் வழவழப்பும் உள்ள கல்லை நீரில் நனைத்து, ஈரத்துணிமேல் அசையாது வைக்க வேண்டும். கத்தியை ஏறத்தாழ 20 பாகை சாய்த்து, அடி முதல் நுனி வரை ஒரே சாய்வில் சொரசொரப்பான புறத்தில் தீட்ட வேண்டும். எதிர்ப்பக்க விளிம்பில் மெல்லிய பிசிர் எழுந்ததும் திருப்பித் தீட்டுக. வழவழப்பான புறத்தில் இலேசாகத் தீட்டினால் பிசிர் நீங்கும். கல் இல்லாத வேளையில் பீங்கான் கோப்பையின் அடியிலுள்ள மெருகற்ற வளையம் உதவும். கூரை விரலாற் சோதியாதீர்கள். தாளொன்றை அரிந்து பாருங்கள்.

இல்லாளின் காயம் ஆறிவருகிறது. கத்தி தீட்டுவது இனி நமது ஞாயிற்றுக்கிழமை வேலை.