குழாயைப் புதையுங்கள், கேபிளைப் புதைக்காதீர்கள்

போன மாதம், பேங்க் லீவான ஒரு சனிக்கிழமை. மந்திர் மார்க்கில் இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாசலில் நாலு தமிழ் அப்பாக்கள் சேர்ந்தால் முதல் பத்து நிமிஷம் பிள்ளைகளின் மார்க், அடுத்த பத்து நிமிஷம் ரயில் டிக்கெட், மிச்ச நேரம் முழுக்க 'ஊர்ல வீடு'தான். யார் கட்டுகிறார்கள், சதுர அடி என்ன ரேட், கொத்தனார் ஒழுங்காக வருகிறாரா, இப்படியே போகும்.

அன்றைக்கு மாட்டியவர் ஸ்ரீரங்கம் பக்கம் வீடு கட்டும் நண்பர். இன்ஜினியர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த வரைபடத்தைக் காட்டினார். மாடி ரூமில் ஒரு அலமாரி, அதில் எல்லாப் பெட்டியும். அங்கிருந்து கீழே ஹால் டிவிக்குச் சுவருக்குள்ளேயே 18 மீட்டர் ஃபைபர் ஆப்டிக் எச்.டி.எம்.ஐ. கேபிள். "அடுத்த வாரம் பூச்சு வேலை சார். கேபிளை வைத்துப் பூசிடலாமான்னு கேக்கறாங்க. ஓகே சொல்லிடட்டா?" என்றார்.

நான் "வேண்டாம், வேண்டாம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிர்லா மந்திருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பஞ்சாபி அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குள் டீச்சர் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே சொல்லி முடிக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிஸ்கி: நான் படித்தது பி.காம். பார்க்கிற வேலை பேங்கில். எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் பிழைப்பு இல்லை. கைக்காசைப் போட்டுக் கற்றுக்கொண்டது மட்டுமே கீழே.

முதலில் அந்தக் கேபிளைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல சரக்கு.

எச்.டி.எம்.ஐ. 2002 டிசம்பரில் வந்தது. சாதாரண கேபிளுக்குள் இருப்பது செம்புக் கம்பி. செம்பில் சிக்னல் எவ்வளவு வேகமாகப் போகிறதோ, அவ்வளவு சீக்கிரம் வழியில் தேய்ந்துபோகும். பழைய ஹெச்.டி. படத்துக்குப் பத்து மீட்டர், அதற்கு மேலும்கூடச் செம்பு தாக்குப்பிடித்தது. 4கே படம், நொடிக்கு 60 சட்டம் என்று போனால் நொடிக்குச் சுமார் 18 ஜிகாபிட் ஓட வேண்டும். அந்த வேகத்தில் அஞ்சாறு மீட்டர் தாண்டினாலே படம் கண்ணடிக்க ஆரம்பிக்கும், இல்லை திரை ஒரேயடியாகக் கருப்பாகிவிடும்.

ஃபைபர் கேபிள் இங்கேதான் கை கொடுக்கிறது. அதன் ஒரு முனையில் குட்டி லேசர் சில்லு உட்கார்ந்துகொண்டு, பெட்டியிலிருந்து வரும் மின்சாரச் சிக்னலை ஒளியாக மாற்றுகிறது. நாலு கண்ணாடி இழைகள் வழியாக ஒளி போகிறது. டிவி முனையில் இன்னொரு சில்லு அதைத் திரும்ப மின்சாரமாக்குகிறது. 20 மீட்டர், 30 மீட்டர் எல்லாம் அதற்குச் சாதாரணம். கேபிளும் மெலிசு. பக்கத்தில் போகும் கரண்ட் வயர் அந்த இழைகளை ஒன்றும் செய்யாது. ஒளியை வளைத்துக் கொண்டுபோகலாம் என்பதை இழைக் கட்டுகளை வைத்து 1954-ல் எழுதிக் காட்டியவர்களில் ஒருவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கடியில் கிடப்பதும் கண்ணாடி இழைதான். அப்படியிருக்க நம்ம வீட்டு 18 மீட்டர் எம்மாத்திரம்?

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது.

2018-ல் கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். நான் தில்லியில், வேலை நடப்பது அங்கே. மேற்பார்வை எல்லாம் போனிலும் போட்டோவிலும்தான். அந்த நண்பரின் வரைபடம் மாதிரியே எனக்கும் ஆசை. ஹாலில் ஒரு வயர்கூடக் கண்ணில் படக்கூடாது. எல்லாப் பெட்டியும் மாடியில் என் ரூமில், டிவி மட்டும் கீழே சுவரில் அம்சமாக. தங்கமணி அப்போதே கேட்டாள், "அங்க இருக்கப்போறது அத்தை மட்டும்தானே, மாடியில யார் போய் பட்டனைத் தட்டறது?" கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லஜ்பத் ராய் மார்க்கெட்டில் அலைந்து 20 மீட்டர் ஃபைபர் கேபிள் வாங்கி, பையில் வைத்து ரயிலில் கொண்டுபோனேன். சுவரைக் காடி எடுத்து, கேபிளை அப்படியே வைத்துப் பூசினார்கள். மேலே பட்டி, அதற்கு மேலே பெயிண்ட். ரிமோட் மாடிக்கு எட்டாதே, அதற்கும் ஒரு 'கண்' வாங்கி ஒட்டினேன். ஊரிலேயே பெரிய புத்திசாலி நான்தான் என்று நினைப்பு.

நாலு வருஷம் ஓடியது. 2022 கடைசியில் ஒருநாள் படம் நின்றுவிட்டது. எனக்கு இது தெரியாது. பொங்கலுக்குப் போனபோதுதான் தெரிந்தது, மூன்று மாதமாக அம்மா டிவியே பார்க்கவில்லை. காலையில் ஏதாவது கோயில் அபிஷேகம், சாயங்காலம் ரெண்டு சீரியல், அவ்வளவுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அதுவும் இல்லாமல் மூன்று மாதம். தினமும் போனில் பேசியிருக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா நீ லீவப் போட்டுட்டு ஓடிவருவே. அவ்ளோ காசு போட்டு ஆசையா பண்ணினது, கெட்டுப்போச்சுன்னா உனக்கு வருத்தமா இருக்கும்ல. டிவி பாக்கலைன்னா என்னப்பா குறைஞ்சுபோயிடும்?"

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். டிவி நன்றாக இருக்கிறது, பெட்டியும் நன்றாக இருக்கிறது. போனது சுவருக்குள் இருக்கும் கேபிள். செம்பு வயர் என்றால் வெட்டி ஒட்டலாம். இதில் போனது முனைச் சில்லா, இழையா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. முனையைக் கழற்றி வேறு போடும் வசதியும் அந்தக் கேபிளில் இல்லை. மாற்றுவதென்றால் ஹால் சுவரைத் தரையிலிருந்து கூரை வரை உடைக்க வேண்டும். கேபிளுக்கு வாரண்டி கொடுப்பார்கள், சுவருக்கு யார் கொடுப்பார்கள்?

உடைக்கவில்லை. செட்டாப் பாக்ஸைக் கீழே கொண்டுவந்து டிவிக்கு அடியில் வைத்தேன். டிஷ் ஒயரை வெளிச்சுவர் ஓரமாகக் கிளிப் அடித்து இறக்கினோம். பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் சாதா எச்.டி.எம்.ஐ., சில நூறு ரூபாய். அன்று சாயங்காலமே அம்மா சீரியலைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் அந்த மூன்று மாதம் இல்லை.

இதிலிருந்து நான் கற்றது மூன்று.

ஒன்று, அரிசி-சோறு கணக்கு. இன்டர்நெட் வழியாக வீட்டுக்கு வரும் 4கே படம் நொடிக்கு 25 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும், சுருக்கி மடித்த படம். பெட்டி அதை விரித்து எச்.டி.எம்.ஐ.யில் தள்ளும்போது அது கிட்டத்தட்ட 18 ஜிகாபிட், எழுநூறு மடங்கு. தூரத்து வீட்டில் விருந்து என்றால் அரிசியாகக் கொண்டுபோய் அங்கே ஆக்குவோமா, இங்கேயே ஆக்கி அண்டா அண்டாவாகத் தூக்கிப் போவோமா? டிவிக்குப் பக்கத்தில் பெட்டியை வையுங்கள். அதுவரைக்கும் போக வேண்டியது சாதாரண லேன் கேபிள் மட்டுமே. அது 100 மீட்டர் வரை போகும், விலை மலிவு, முனை போய்விட்டால் வெட்டிவிட்டுப் புது முனை போட நம்மூரிலேயே ஆள் உண்டு.

இரண்டு, இது என் தொழில் சம்பந்தப்பட்டது. பேங்கில் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள், குறுகிய காலத்துக்கு வாங்கிய பணத்தை நீண்ட காலக் கடனாகக் கொடுக்காதே என்று. 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். தடுமாறியதற்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. சுவர் என்பது ஐம்பது வருஷக் கணக்கு. எச்.டி.எம்.ஐ.யின் கணக்கைப் பாருங்கள்: 2013-ல் 18 ஜிகாபிட், 2017-ல் 48, 2025-ல் வந்த 2.2-ல் 96. நாலு முதல் எட்டு வருஷத்துக்கு ஒரு தாவல். கேபிள் கெடாமலே இருந்தாலும் அதன் காலம் முடிந்துவிடும். நாலு வருஷப் பொருளை ஐம்பது வருஷப் பொருளுக்குள் பூசி மூடுவது, நான் லோன் ஃபைலில் கண்டால் கையெழுத்துப் போடாத காரியம். என் வீட்டில் நானே போட்டேன்.

மூன்று, அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்ற கேள்வி. நாம் வருஷத்தில் பதினைந்து நாள் தங்குவோம். மிச்ச 350 நாள் அங்கே இருப்பது முழங்கால் வலியோடு ஒரு அம்மாவோ, கண் மங்கிய ஒரு அப்பாவோ. அவர்கள் கையால் அணைத்துப் போட முடியாத எதையும், உள்ளூர் ஆள் அரைமணியில் சரிசெய்ய முடியாத எதையும் அந்த வீட்டில் வைக்கக்கூடாது. இதை நான் ஒரு விதியாகவே சொல்வேன்.

அப்படியானால் ஃபைபர் கேபிளே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. கூரையில் புரொஜெக்டர் மாட்டி, பெட்டி பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளித்தான் இருக்க முடியும் என்றால் அதுதான் சரியான வழி. சங்க நிகழ்ச்சி நடத்தும் ஹாலுக்கும் அப்படித்தான். ஆனால் அப்போதும் சில விஷயங்கள்.

சுவரில் முதலில் குழாயைப் புதையுங்கள். 25 மி.மீ. பைப்பில் எச்.டி.எம்.ஐ. தலை வளைவில் மாட்டிக்கொள்ளும். 40 மி.மீ. போடுங்கள். வளைவு முழங்கை மாதிரி வெடுக்கென்று இல்லாமல் அகலமாக இருக்கட்டும். கேபிளை இழுத்த பிறகும் உள்ளே ஒரு நைலான் கயிறு இருக்கட்டும், அடுத்த கேபிளை இழுக்க உதவும். கூடவே ஒரு லேன் கேபிளும் கிடக்கட்டும்.

கேபிளுக்கு முன் பின் உண்டு. ஒரு முனையில் பெட்டிப் பக்கம் என்றும் இன்னொன்றில் டிவிப் பக்கம் என்றும் அச்சடித்திருக்கும். மாற்றி இழுத்தால் படம் வராது. அதனால் தரையில் விரித்து இரண்டு முனையும் மாட்டி, ஒரு முழுப் படம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே குழாய்க்குள் விடுங்கள். தலையைப் பிடித்து இழுக்கக்கூடாது, உடம்பில் கயிறு கட்டி இழுக்க வேண்டும். டிவியின் சத்தம் அதே கேபிளில் திரும்பி ஸ்பீக்கருக்கு வர வேண்டுமா? எல்லா ஃபைபர் கேபிளும் அதைச் செய்யாது, கேட்டு வாங்குங்கள். ஃபைபர் என்பதால் இடி மின்னல் பயமில்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலானவற்றில் இழையோடு செம்புக் கம்பியும் சேர்ந்தே ஓடுகிறது.

இதையெல்லாம் அன்று இரவே நண்பருக்குப் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "பைப் போடச் சொல்லிட்டேன் சார். ஆனா பெட்டி எல்லாம் கீழ வந்தா ஹால் பாக்க அழகா இருக்குமா?" என்றார்.

அவர் வீட்டில் இருக்கப்போவது அவருடைய அப்பாவும் அம்மாவும். அவர்களிடம் கேட்டீர்களா என்றேன். இல்லை என்றார். நாளைக்குக் கேட்கிறேன் என்றார்.

நீங்களும் கட்டுகிறீர்கள் என்றால் இன்ஜினியருக்கு ஓகே சொல்வதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால், இன்று பேசும்போது "டிவி ஓடுதாம்மா?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.