நிறைவுறாமையும் ஒரு செல்வமே!

மறைந்த மேதைகள் பாதியில் விட்டுச் சென்ற படைப்புகளைப் பிறர் நிறைவு செய்யும் முயற்சிகள் தொடர்கின்றன. பீத்தோவனின் பத்தாவது சிம்பொனி, செயற்கை நுண்ணறிவின் துணையுடன் நிறைவு செய்யப்பட்டு 2021-இல் ஜெர்மனியின் பான் நகரில் அரங்கேறியது. இது முறையா என்னும் கேள்விக்குச் சிற்பக் கலையில் இருவேறு விடைகளைத் தன்னகத்தே வைத்திருக்கிறது இத்தாலியின் மிலான் நகரம்.

மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸா, தம் தந்தையின் நினைவாக மாபெரும் வெண்கலக் குதிரைச் சிலையை அமைக்கும் பணியை லியனார்டோ டாவின்சியிடம் ஒப்படைத்தார். 1493-இல் களிமண் மாதிரி உருவானது. ஆனால், வார்ப்புக்கென ஒதுக்கிய வெண்கலம் மறு ஆண்டே பீரங்கி செய்ய அனுப்பப்பட்டது. 1499-இல் நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர் அம்பெய்து பழகியதில் அம்மாதிரியும் சிதைந்தது என்பர். ஒரே உலோகத்துக்குக் கலையும் போரும் போட்டியிட்டபோது கலை தோற்றது. ஸ்ஃபோர்ஸாவின் ஆட்சியும் நிலைக்கவில்லை.

அமெரிக்காவின் ஓய்வுபெற்ற விமானி சார்லஸ் டென்ட் அக்குதிரையை உருவாக்கும் முயற்சியைத் தொடங்கினார். 1994-இல் அவர் மறைந்தார். சிற்பி நினா அகாமு வடித்த, சுமார் 24 அடி உயர வெண்கலக் குதிரை 1999-இல் மிலானில் நிறுவப்பட்டது. லியனார்டோவின் ஓவியக் குறிப்புகள் பல எஞ்சியிருந்தாலும், இறுதி வடிவம் இதுவே எனச் சுட்டும் மாதிரி எதுவும் இல்லை. எனவே, அது லியனார்டோவுக்குச் செலுத்தப்பட்ட காணிக்கை, படைப்பு அகாமுவினுடையது.

அதே நகரில் மைக்கலாஞ்சலோவின் ரொண்டானினி பியத்தா உள்ளது. 1564-இல் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்புவரை அவர் செதுக்கிய பளிங்குச் சிற்பம் அது. முதலில் வடித்துப் பின்னர் கைவிட்ட ஒரு கை, உடலிலிருந்து பிரிந்து இன்றும் தனியே நிற்கிறது. அதனை 'நிறைவு' செய்ய எவரும் உளியெடுக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொருளியலுக்குப் புதிதன்று. குதிரையைப் பொருத்தவரை இழப்பதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. புதியது பிடிக்காவிடினும் குறிப்புகள் அப்படியே இருக்கும். பியத்தாவின் மீது விழும் ஓர் உளியடியோ, ஒரு மேதையின் கடைசிச் சிந்தனையை மீட்க முடியாதவாறு அழித்துவிடும்.

கணினியின் வரவால் நிறைவு செய்வதற்கான செலவு குறைந்து வருகிறது. செலவு குறையக் குறைய ஆசை பெருகும். ஆகவே, மூலத்தைத் தொடாதிருத்தல், நிறைவு செய்தவரின் பெயரை வெளிப்படையாக அறிவித்தல் ஆகிய இரண்டையும் அருங்காட்சியகங்கள் நெறியாகக் கொள்ள வேண்டும். நிறைவு செய்யும் திறன் இனி எங்கும் கிடைக்கும். மேதையின் கை நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான்.